அமைப்புக் கோப்பும் அடுத்து வருவாரும்

நிரல் எழுதுவார் பலர். அதனைப் பிறர் கையில் ஒப்புவித்தற்கேற்பச் செப்பனிடுவார் சிலரே. எம் வகுப்பினர் எழுவர் இவ்வாண்டு விடுதியின் உணவுக் கணக்கினைப் பைத்தான் மொழியில் அமைந்த நிரலொன்றால் நடத்தி வந்தோம். அது முன்னிருந்த மாணவர் விட்டுச் சென்றது. உணவின் நாள்விலையும், தரவுத்தளத்தின் முகவரியும், கடவுச்சொல்லும் நிரலின் வரிகளுக்கிடையே ஆங்காங்குப் புதைந்து கிடந்தன. விலை ஏறுந்தோறும் நிரலையே திருத்த வேண்டியதாயிற்று. ஆதலின், மாறுவனவற்றை மாறாதவற்றினின்றும் பிரித்துத் தனிக்கோப்பில் வைக்கத் துணிந்தோம்.

"இரு திங்களிற் கல்லூரியை விட்டகலும் நமக்கு இவ்வுழைப்பு எற்றுக்கு?" என்றார் எம்முள் ஒருவர். அகல்வதனாலேயே வேண்டும் என்பது ஏனையோர் விடை.

எவ்வடிவில் எழுதுவது? ஜேஸன் வடிவிற் குறிப்புரைக்கு இடமில்லை. பழைய ஐஎன்ஐ வடிவினைப் பைத்தானுடன் வரும் கான்ஃபிக்பார்சர் படிக்கும். ஆயின் மதிப்புகளை எழுத்துத்தொடராகவே தரும். "ஃபால்ஸ்" என்னும் தொடரை மெய்யோ பொய்யோ என வினவின், வெறுமையல்லாத தொடராதல் பற்றி மெய்யென்றே பைத்தான் விடை பகரும்! இதனைத் தவிர்க்கத் தனிவழி உண்டெனினும், மறப்பார்க்கு இடர் நிச்சயம். 2013-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் ஆக்கிய டாமல் வடிவமோ எண்ணையும் தொடரையும் மெய் பொய்யையும் வேறுபடுத்தும், குறிப்புரைக்கும் இடந்தரும். 2022-இல் வெளிவந்த பைத்தான் 3.11 முதல், அதனைப் படிக்கும் கருவி மொழியுடனேயே வருகின்றது. அதனையே தெரிந்தோம்.

கடவுச்சொல்லை மட்டும் அக்கோப்பில் வைத்திலோம். கிட் களஞ்சியத்தில் ஒருமுறை பதிந்தது, பின்னர் அழிப்பினும் பழைய வரலாற்றில் நிற்கும். எனவே பழைய கடவுச்சொல்லையே மாற்றிப் புதியதனைச் சூழல் மாறியில் வைத்தோம். அத்தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவனின் நிலுவையும் உளது; ஒருவனது வறுமை பலர் அறிய வெளிப்படுதற்கு ஒரு வரி போதுமன்றோ?

இன்னும் ஒன்று செய்தோம். விலை குறிக்கப்படாவிடின் அதனைச் சுழியமெனக் கொண்டு கணக்கிடும் இயல்பு பழைய நிரலில் இருந்தது. இப்போது வேண்டிய மதிப்பு இல்லையாயின், இன்னது இல்லை என்று பெயர் சுட்டித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். பிழையான கணக்கினும் நின்ற நிரல் நன்று.

இறுதியில், பெயர்கள் மட்டும் எழுதி மதிப்புகளை வெறுமையாக விட்ட மாதிரிக் கோப்பொன்றை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தந்தோம். அவர் எம்மிடம் யாதும் வினவாமலே அன்று மாலை நிரலை இயக்கினார். இளைய நண்பர்காள், நீவிரும் நுமக்குப் பின் வருவார்க்கு அவ்வாறே விட்டுச் செல்வீராக.