கத்திரி வெயிலில் காய்க்கும் ஊர்

கோடையில் காய்கறித் தோட்டம் என்றால் பலரும் நம்புவதில்லை. அக்கினி நட்சத்திரத்தின் இருபத்தைந்து நாள்களில் கடலூர் மாவட்டத்துச் செம்மண் கால் வைக்க இயலாத அளவுக்குக் கொதிக்கும். ஆயினும் அந்நாள்களில் நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்குள் நடந்து செல்வோர் வேறொரு காட்சியைக் காண்பர். வேலியெங்கும் பாகல் படர்ந்திருக்கும். பந்தலிலிருந்து புடலங்காய்கள் தொங்கும். கொல்லைப்புறத்தில் முருங்கை காய்த்து வளைந்திருக்கும். வாழைப் பாத்தியின் ஓரத்தில், எவரும் விதைக்காத தண்டுக்கீரை தழைத்திருக்கும்.

இவ்வூரின் வரலாறே ஓர் எதிர்பாராக் கண்டெடுப்பில் தொடங்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. அவை பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் அறியப்பட்டது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதுவும் கத்திரி வெயில் காலமே. 1961இல் கரி வெளிப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அம்முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் தொடக்க நாள்களில் பணியேற்றவர்கள் நட்ட மாமரங்களும் பலாமரங்களும் ஓய்வு பெறவில்லை.

கோடைத் தோட்டம் நமக்குத் தரும் வியப்புகள் பல. அவற்றுள் ஒன்று மாலையில் நிகழ்வது. பூசணியும் பாகலும் விடியலில் பூக்கின்றன. தேனீக்கள் அவற்றை நாடி வருகின்றன. பீர்க்கோ பொழுது சாயும் வேளையில் மஞ்சள் பூக்களை விரிக்கிறது. புடலின் நூலிழை விளிம்புள்ள வெண்பூ இருட்டிய பின்னரே மலர்ந்து அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. பகல் முழுதும் தோட்டத்தைக் காவல் காத்தவரும் அதன் சிறந்த அழகைக் காணாமலே உறங்கச் செல்லக்கூடும். இரவு நேரப் பணி முடித்து வீடு திரும்பும் சுரங்கத் தொழிலாளிக்கோ அக்காட்சி எளிதில் வாய்க்கிறது.

மற்றொரு வியப்பு எருக்குழியில் தோன்றுவது. சமையற்கட்டிலிருந்து எறிந்த விதையே கொடியாகி, குழியைத் தாண்டி, சுவரேறி, அடுத்த வீட்டாரின் கூரைமேல் பூசணிக்காயை வைத்துவிடுகிறது. அக்காய் யாருக்கு உரியது? நாம் அறிந்தவரை இவ்வழக்கு எப்போதும் பாதிப் பாதியாகவே தீர்ந்திருக்கிறது. இந்தியாவின் பல மாநிலத்தவரும் வாழும் ஊர் இது. ஆகவே ஒரே பூசணி ஒரு வீட்டில் கூட்டாகவும், மலையாளக் குடும்பத்தில் எரிசேரியாகவும் மாறுகிறது. தெலுங்கு பேசுவோர் வளர்க்கும் புளிச்சகீரையோ நம் வீட்டுத் துவையலாகிறது.

புதிதாகத் தோட்டமிடும் தாய்மார்க்கு ஒரு சொல். கொடியில் முதலில் வரும் பூக்கள் காய்க்காமல் உதிர்வதைக் கண்டு மனந்தளர வேண்டா. அவை ஆண்பூக்கள். வெயில் மிகுந்தால் அவையும் மிகும். அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிவரும் பெண்பூக்களைப் பொறுத்திருந்து எதிர்பாருங்கள். தக்காளி இவ்வெப்பத்தில் பூவை உதிர்த்துவிடும். அதனை வற்புறுத்துவதில் பயனில்லை. வெண்டையும் கொத்தவரையும் வெயிலை விரும்புபவை. வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிடில் முற்றிவிடும். இங்குள்ள மணற்பாங்கான செம்மண் நீரைத் தேக்கிவைக்காது. ஆதலால் சாலையோர மரங்கள் உதிர்க்கும் சருகுகளைக் கொளுத்தாமல் பாத்தியில் பரப்புவது நலம்.

பழுப்பு நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த மரஞ்செடிகளே. அதிலிருந்து பிரிக்கப்படும் ஹியூமிக் அமிலத்தை மண்வளம் கூட்டுவதற்கும் பயன்படுத்துகின்றனர். என்றோ மறைந்த காடு இன்றைய வெண்டைச் செடிக்கு உணவாகிறது.

இவ்வளவு பசுமைக்கும் மூலமான நீரைப் பற்றியும் நாம் எண்ண வேண்டும். கரிப்படுகையின் கீழே பேரழுத்தத்தோடு நீர் தேங்கியுள்ளது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தம் என்பர். அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து வெள்ளம் புகும். இறைக்கப்படும் நீர் மின்நிலையங்களுக்கும் வயல்களுக்கும் பயன்படுகிறது. எனினும், தங்கள் கிணறுகள் ஆழத்திற்குப் போய்விட்டன என்று சுற்றுவட்டார உழவர்கள் நீண்டகாலமாகக் கூறிவருகின்றனர்.

நிலமும் அவ்வாறே. இன்று நம் பந்தற்கால் ஊன்றிய மண்ணை முன்பு வேறு சிலர் உழுதனர். நகரியத்திற்காகவும் சுரங்கங்களுக்காகவும் பல சிற்றூர்க் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தன. இது பழங்கதை அன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, வயலில் நின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் ஏறின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்பது நிறுவனத்தின் வாதம். விதைத்தவர்க்கோ அது கண்முன் அழிந்த உணவு. பத்து அடிப் பாத்தியில் ஒரு செடி வாடினாலே துடிக்கும் நாம் அந்த உழவரின் துயரத்தை எளிதில் உணர்ந்துகொள்ளலாம். தோட்டம் நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இதுவே முதன்மையானது என எண்ணுகிறோம்.

நமக்கும் இம்மண் நிலையான உடைமை அன்று. பணி ஓய்வு பெறும் குடும்பம் நிறுவனத்தின் வீட்டை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் வளர்த்த மாமரத்தைப் பெட்டியில் வைத்துக் கட்ட இயலாது. இதனாலேயே, எப்படியும் விட்டுப் போகிறோமே என்று ஓய்வுக்கு ஈராண்டுகளுக்கு முன்பே பாத்தியைத் தரிசாக விடுவோர் உளர். விட்டுப் போகும் ஆண்டிலும் சித்திரைப் பட்டத்தில் விதை ஊன்றுவோரும் உளர். இவ்விரண்டாம் வகையினர் வாழ்ந்த வீட்டிற்குப் புதிதாக வருவோர், பால் காய்ச்சும் நாளிலேயே கொல்லையில் கீரை பறிக்கின்றனர்.

ஆகவே பங்குக் குடும்பங்களுக்கு நாம் கூறுவது இரண்டு. முதலாவது, ஒவ்வொரு கொடியிலும் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். அதன் விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடிய கலத்தில் வையுங்கள். ஒரு பங்கு உங்களோடு வரட்டும். ஒரு பங்கு அடுத்து வருபவர்க்கு அவ்வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டாவது, காய் மிகும் வாரங்களில் அண்டை வீட்டோடு நின்றுவிடாதீர்கள். நகரியத்திற்கு வெளியே ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளர் இல்லங்களில் செடி வைக்க ஒரு முழ மண்ணும் இல்லை. வாரம் ஒரு கூடை அங்கே செல்லட்டும். வெண்டைக்காய் முற்றுமுன் கொண்டுபோய்க் கொடுங்கள்.