இழுக்க மாட்டேங்குது

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு என்னிடம் ஒரே யோசனைதான் உண்டு. பக்கத்தில் மலை இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு அந்த வசதி வாசலிலேயே இருக்கிறது. கோரிமேடு தாண்டினால் அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏற்காடு. பைபாஸில் நூறில் பறந்து காட்டுகிற வண்டி, ஐந்தாவது வளைவுக்குள் தன் ஜாதகத்தை ஒப்பித்துவிடும்.

கணக்கு எளிதுதான். ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக மூன்று குதிரைத்திறன் இருந்தால் போதும். அதே வேகத்தில், 15 அடிக்கு ஓரடி உயர்கிற ரோட்டில் ஏறினால், எடையைத் தூக்க மட்டுமே மேற்கொண்டு பத்துக் குதிரைத்திறன் வேண்டும். விளம்பரத்தில் போடுகிற 60 குதிரைத்திறன், எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றும்போது வருவது. வளைவில் மெதுவாகத் திரும்பி 2,000 சுற்றில் ஏறும்போது அதில் பாதிகூடக் கையில் இருக்காது. அதிலும் பாதி செத்திருந்தால்? பைபாஸில் யாருக்கும் தெரியாது.

உயரமும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வலுவை இழக்கும். அது நோயல்ல. என் காரின் தொல்லையோ இரண்டாவது வளைவிலேயே ஆரம்பித்தது.

வேறொருவர் ஓட்டி, என் கைக்கு வந்த சின்ன பெட்ரோல் கார் அது. மூன்றாவது கியரில் ஏறவே ஏறாது. இரண்டாவதில் ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்தாலும் தரைவரை மிதித்தாலும் ஒன்றுதான். ஏ.சி.யை அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அதனால் எடை குறையும் என்பதுபோல. காய்கறி மூட்டை ஏற்றிய டெம்போ ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போகும்.

முதலில் பார்த்த ஒர்க் ஷாப்பில் ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டரைக் கழுவினார்கள். ஒவ்வொரு தடவையும் “இப்போ ஜம்முனு இருக்கு சார்” என்று சாவியைக் கொடுத்தார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஓட்டிப் பார்த்த ரோட்டில் அது ஜம்மென்றுதான் இருந்தது. கடைசியில் எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோரிமேட்டுப் பக்கம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. “இழுக்கலைன்னா எப்படி இழுக்கலைங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. வெட்டி வெட்டிப் போனால் பெட்ரோல் போதவில்லை. பத்து நிமிஷம் நிறுத்தி எடுத்தால் சரியாகிறது என்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். எஞ்சின் தட்டினால் டைமிங். என் வண்டி வெட்டவும் இல்லை, தட்டவும் இல்லை. யாரோ பின்னால் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரே சீராக அமுங்கியது. அதைச் சொன்னதும் நான்கு சக்கரங்களையும் தொட்டுச் சூடு பார்த்தார், பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்று. பிறகு என்னை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு, சைலன்ஸர் வாய்க்கு நேராகக் கையைக் காட்டினார்.

“காத்தே வரலைங்களே.”

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றினார். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஓட்டை. வயர் எதுவும் அந்த அனலில் படாதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டு, “மலைக்கு விடுங்க” என்றார். லாரி போலச் சத்தம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஆனால் வண்டி மூன்றாவது கியரில் ஏறியது! உள்ளே போகிற காற்றையும் பெட்ரோலையும் சரிசெய்வதிலேயே இத்தனை நாள் பணம் போயிருந்தது. புகைபோக்கி அடைத்த அடுப்பில் எத்தனை விறகு செருகினாலும் தீ எழும்பாது.

கன்வெர்ட்டரை இறக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். உள்ளே பீங்கானில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கண்ணறைகள் இருக்கும். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். நச்சுப்புகையை மாற்றுவது அந்தப் பூச்சுதான். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. என்னுடையதில் முக்கால்வாசிக் கண்ணறைகள் உருகி மூடிக் கிடந்தன.

புதியது வாங்கி மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன். பெரியவர் விடவில்லை. “அது ஏன் உருகுச்சுன்னு பாக்காம புதுசு போட்டா, அதுவும் உருகுங்க.” எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் வந்து எரிந்தால் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டிவிடும். அப்படியானால் ஏதோ ஒரு சிலிண்டர் அடிக்கடி மிஸ் ஆகியிருக்க வேண்டும். இருட்டும்வரை காத்திருந்து, கொட்டகை விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பூப்போலத் தெளித்தார். மூன்றாவது வயரிலிருந்து எஞ்சின் உடம்புக்கு நீல நிறத்தில் பொறி தாவித் தாவி ஓடியது. பிளக்கை மாற்றியவர்கள் வயரை விட்டுவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க அந்த சிலிண்டரின் பெட்ரோல் பாதி எரியாமலே பின்னால் போயிருக்கும்.

புது கன்வெர்ட்டரின் விலை கேட்டதும் எனக்கு நாக்கு வறண்டது. உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டினால் சில நூறு ரூபாயில் முடியும். பல பட்டறைகளில் அதைத்தான் செய்கிறார்கள். வண்டி நன்றாகவே இழுக்கும். பின்னால் வருகிறவர்கள் புகையைக் குடிப்பார்கள், அவ்வளவுதான். ஊரார் நுரையீரலில் மிச்சம் பிடிக்கிற இந்த வேலை எனக்கு ஒப்பவில்லை. வயர் செட்டும் கன்வெர்ட்டரும் புதிதாகவே போட்டோம்.

உருகிய பழசை மூலையில் வீசப் போனேன். பெரியவர் தடுத்தார். “பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்குல கேப்பான், குடுத்துராதீங்க. உள்ள பிளாட்டினம் இருக்குது. அதை வாங்குறவங்க தனியா இருக்காங்க. நாலு எடத்துல வெலை கேட்டுட்டுக் குடுங்க.”