விழுந்த பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது

என் மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்து "அம்மா" என்று கத்தியபோது நான் அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. உதட்டில் ரத்தம். நான் ஓடிப்போய் மண்டியிட்டு, "ஆர் யூ ஆல்ரைட்" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளையைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு எழுந்து, பக்கத்தில் நின்ற இன்னொரு ஆயாவிடம் போய் ஒட்டிக்கொண்டாள்.

நான் அப்படிப் பேசக் காரணம் இருந்தது. அந்த நேரத்துக்கு எனக்குச் சம்பளம் ஆங்கிலம் பேசுவதற்காக.

நார்வேயில் ஸ்டாவாங்கர் என்ற ஊர். எண்ணெய்க் கம்பெனிகளின் ஊர். உலகத்தின் பல மூலைகளிலிருந்து குடும்பங்கள் இரண்டு வருடம், மூன்று வருடம் என்ற ஒப்பந்தத்தில் வந்து இறங்கும். இங்கேயே இருந்துவிட்டால் பிள்ளைக்கு நார்வேஜிய மொழி தேவை. கிளம்பிப் போனால் ஆங்கிலம் தேவை. எது நடக்கும் என்று பெற்றோருக்கே தெரியாது. அதனால் இரண்டு மொழியிலும் நடக்கும் பார்னஹாகெக்களைத் தேடிப் போவார்கள். பார்னஹாகெ என்றால் குழந்தைகளின் தோட்டம். நம்மூரில் பால்வாடி, ப்ளே ஸ்கூல் எல்லாம் சேர்ந்தது மாதிரி. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அதில் இடம் கிடைப்பது 2009 முதல் அந்த நாட்டில் சட்டப்படியான உரிமை.

எங்கள் பார்னஹாகெயில் ஒரு விதி இருந்தது: ஒருவருக்கு ஒரு மொழி. சிலர் நார்வேஜிய மொழியில் மட்டும் பேச வேண்டும், சிலர் ஆங்கிலத்தில் மட்டும். முகத்தைப் பார்த்தே பிள்ளை மொழியைப் பிரித்துக்கொள்ளும் என்பது கணக்கு. திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்த நான் ஆங்கில முகம். மகளை வேறு பிரிவில்தான் சேர்த்திருந்தார்கள். ஆனால் முற்றம் எல்லோருக்கும் பொது. மழையானாலும் குளிரானாலும் ரப்பர் பூட்ஸும் மழை உடையும் மாட்டிப் பிள்ளைகளை வெளியே விட்டுவிடுவார்கள். அந்த முற்றத்தில்தான் அவள் விழுந்தாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1913இல் ஜூல் ரோன்ஷா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகன் லூயி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் பிள்ளையிடம் பிரெஞ்சில் பேசினார், அவர் மனைவி ஜெர்மனில் பேசினார், பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கற்றது. புத்தகத்தில் பெயர் அப்பாவுடையது. பிள்ளையிடம் பேசிப் பேசி ஜெர்மனைக் கொடுத்தது அம்மா.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லான்சா 1997இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் ஊர்க் கதைக்கு இன்னும் நெருக்கம். நார்வேயில் வளர்ந்த, ஆங்கிலமும் நார்வேஜியமும் பேசும் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. அம்மா அமெரிக்கர், அப்பா நார்வேக்காரர். பிள்ளை 'தவறான' மொழியில் பேசும்போது பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்த்திருக்கிறார். புரியாத மாதிரி நடிக்கலாம், "இதைத்தான் சொல்கிறாயா" என்று கேட்கலாம், சரியான மொழியில் திருப்பிச் சொல்லலாம், கண்டுகொள்ளாமல் நகரலாம், தானும் மொழி மாறலாம். படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டியது. ஒரு அம்மா சோறு ஊட்டிக்கொண்டே, சட்டை மாட்டிக்கொண்டே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்த உழைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தோஷியே ஒகிடாவின் 2002ஆம் ஆண்டுப் புத்தகத்தில்தான் கண்டேன். பிரிட்டனில் ஆங்கிலேயரை மணந்த ஜப்பானியத் தாய்மார்களிடம் பேசி எழுதியது. 'கண்ணுக்குத் தெரியாத வேலை' என்பது அதன் தலைப்பு. பிள்ளைக்கு ஜப்பானிய மொழி வந்தால் வீட்டின் பெருமை. வராவிட்டால் அம்மாவின் குறை.

மகள் பிறந்த பிறகு நாங்கள் போன சுகாதார நிலையத்தில், "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று நர்ஸ் கேட்டார். பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான். கேள்வி என் முகத்தைப் பார்த்து வந்தது. நார்வேயில் அப்பாவுக்கென்றே 15 வாரம் விடுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள், அவனும் அதை எடுத்தான். டயப்பர் மாற்றினான், தள்ளுவண்டியோடு ஊரைச் சுற்றினான். ஆனால் அந்த வாரங்களில் பிள்ளையிடம் என்ன மொழியில் பேசினான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தாய்மொழி என்ற சொல்லை நானும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். நார்வேஜிய மொழியிலும் அது 'மூர்ஸ்மோல்', தாயின் பேச்சுதான்.

வேலை இடத்திலோ வேறு தலைவலி. ஒரு பிள்ளையின் அப்பா பொறுப்பாளரிடம், "ஆங்கிலத்தைப் பிறவியிலேயே பேசுகிறவர் யாரும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். என் உச்சரிப்பு அவர் மகனுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். இதில் வேடிக்கை என்னவென்றால், நார்வேயில் பேச்சுக்கென்று அதிகாரபூர்வமான ஒற்றை வடிவம் கிடையாது. அவரவர் வட்டார வழக்கில்தான் பேசுகிறார்கள், பாராளுமன்றத்திலும் சரி, தொலைக்காட்சியிலும் சரி. எங்கள் பார்னஹாகெயில் தொண்டையிலிருந்து 'ர' சொல்லும் ஸ்டாவாங்கர்க்காரியும் நாக்கை உருட்டிச் சொல்லும் வடக்கத்திக்காரியும் பிள்ளைகளுக்கு ஒரே கதையைப் படிப்பார்கள். யாரும் யாரையும் திருத்தியதில்லை. வழக்கு வித்தியாசம் அவர்களுக்குச் சொத்து. எனக்கு மட்டும் அது குறை.

ஆக, எட்டு மணி நேரம் போதாத ஆங்கிலம் பேசுகிறவள். மீதி நேரம் தமிழை ஒற்றை ஆளாகக் காப்பாற்ற வேண்டியவள். இரண்டுக்கும் நடுவில், ரத்தம் வந்த உதட்டோடு நிற்கிற என் மகள்.

ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாளரிடம் போனேன். நார்வேயின் பார்னஹாகெக்களுக்கு 2017இல் வந்த பாடத்திட்டச் சட்டகம் உண்டு. பல மொழி பேசும் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியைப் பயன்படுத்த ஊழியர்கள் துணைநிற்க வேண்டும், கூடவே நார்வேஜியத்தையும் வளர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். "விதியைத் தளர்த்தினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்" என்றார். "என் பிள்ளை ஏற்கெனவே குழம்பிவிட்டாள், நான் யார் என்று" என்றேன்.

ஊழியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. போலந்துக்காரியான என் சக ஊழியை ஒருத்தி அங்கே நார்வேஜிய முகம். அதுவரை வாய் திறக்காதவள் அன்று சொன்னாள்: "போலந்துப் பிள்ளை ஒன்று அழுதால் நான் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போலிஷ் மொழியில் சமாதானம் சொல்கிறேன். இரண்டு வருடமாக." அறை அமைதியானது. தேற்றுவதைக்கூடத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறோம், ஆளுக்கொரு மூலையில்.

பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. வட்டமாக உட்காரும் நேரம், சாப்பாட்டு நேரம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் பழைய விதியே நின்றது. அழுகிற பிள்ளைக்கு மட்டும், அது தேடுகிற மொழியில் பேசலாம் என்று முடிவானது. எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை மகள் விழுந்தபோது, முற்றத்தின் நடுவில், எல்லோர் காதிலும் விழ, "எங்கடி வலிக்குது?" என்று கேட்டேன்.

வீட்டிலும் ஒரு கூட்டம் போட்டேன். "ராத்திரிக் கதை இனிமே உன் பொறுப்பு. தமிழ்ல" என்றேன். "எனக்குக் கதையே தெரியாதே" என்றான். "உங்கம்மாவுக்குத் தெரியும், போன் போட்டுக் கேள்" என்றேன். அன்று பாட்டி வடை சுட்ட கதையை ஆரம்பித்தான். அவசரத்தில் காக்காவை மறந்துவிட்டு, நரியே வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னான்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். திருத்த வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. போகவில்லை.

"இல்லப்பா," என்றாள் மகள். "காக்கா."