வாய் திறவாத ஜி.எச்.

ஜி.எச். என்றதும் உங்களில் பலருக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அந்த ஜி.எச். அல்ல. ஆங்கிலச் சொற்களின் நடுவே ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் ஜோடி சேர்ந்து உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளைகளைப் படுத்தும் பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டாம். கேமரன் ஹைலண்ட்ஸ் என்று நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறதே, அந்த 'ஹை'யின் வாலில் இரண்டும் இருக்கின்றன. 1885-ஆம் ஆண்டில் இந்த மலைப்பகுதியை ஆராய வந்த வில்லியம் கேமரனின் பெயரோடு, மேட்டுநிலம் என்ற பொருளில் ஒட்டிக்கொண்ட சொல் அது. எழுதும்போது ஜி.எச். வேண்டும், சொல்லும்போது வேண்டாம்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்தெடுத்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே ஆசிரியை என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். அப்பா இரவில் இருமுகிறார் என்று பொருள்படும் ஒரு சின்ன வாக்கியம். இருமலுக்கு சி, ஓ, யூ, ஜி, எச். ஏருக்குரிய 'ப்ளௌ' என்ற சொல்லை முதல்நாள்தான் படித்திருந்தேன். அதன் வாலும் இதே ஓ, யூ, ஜி, எச்தான். அந்தத் தைரியத்தில் 'கௌ' என்றேன். வகுப்பே சிரித்தது. அப்பா இருமுவதற்குப் பதில் பசுமாடாகிவிட்டார் அல்லவா! ஆசிரியையும் சிரித்தார். வீட்டில் அப்பா உண்மையிலேயே இருமிக்கொண்டிருந்த காலம் அது.

அதற்குப்பின் அந்த ஆண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று மதிப்பெண் அட்டையில் எழுதி அனுப்பினார்கள். கூச்சம் எப்போது வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் இரவு, லயத்து வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி, 'வெய்க்ட், வெய்க்ட்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னா பாப்பா அது?"

"எடைம்மா. கொழுந்து நிறுக்கிறாங்கள்ல, அது."

"அது வெய்ட்டுல்ல? கிராணி அப்படித்தானே சொல்லுவாரு. நீ என்னா நடுவுல கல்லைக் கடிக்கிற?"

நான் திகைத்துப்போனேன். ஓரெழுத்தும் படிக்கத் தெரியாத அம்மா சொன்னதுதான் சரி. பிறகு அதுவே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. நான் பொருளைச் சொல்வேன். அம்மா சொல்லைச் சொல்வார். விளக்கு? லைட்டு. இரவு? நைட்டு. ஆணியை எப்படி முடுக்குவது? டைட்டா. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கையைத் தட்டிக்கொண்டு என்ன கத்துகிறார்கள்? ரைட்டு, ரைட்டு! நேராகப் போ என்பதற்கு ஸ்ட்ரெய்ட்டு. இத்தனையிலும் ஜி.எச். இருக்கிறது என்று நான் சொன்னபோது, "எங்க இருக்கு? எனக்குக் கேக்கலியே" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை என்று அம்மா சொன்னதற்கு விடை, ஆசிரியர் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. ஒரு காலத்தில் அந்த ஒலி உண்மையாகவே கேட்டிருக்கிறது! பழைய ஆங்கிலத்தில் இரவும் மகளும் தொண்டையில் உரசுகிற ஓர் ஒலியோடு உச்சரிக்கப்பட்டன. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் இரவை 'நாஹ்ட்' என்றும் மகளை 'டோஹ்டர்' என்றும்தான் சொல்கிறார்கள். அந்த ஒலியை ஆங்கிலேயர் முதலில் எச் என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அதை ஜி.எச். ஆக்கினார்கள். 1476-இல் காக்ஸ்டன் அங்கே அச்சகம் தொடங்கியதிலிருந்து எழுத்துகள் மெல்ல மெல்ல உறைந்துபோயின. வாய் மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. பெரும்பாலான சொற்களில் ஒலி செத்தது. இருமல், சிரிப்பு, முரடு, கடினம், போதும் ஆகியவற்றைக் குறிக்கும் காஃப், லாஃப், ரஃப், டஃப், இனஃப் போன்ற சிலவற்றில் 'ஃப்' ஆகிவிட்டது.

பேய்க்குரிய 'கோஸ்ட்' கதை வேறு. காக்ஸ்டன் அச்சுத்தொழிலில் காலூன்றியது கடல்கடந்த பிளெமிஷ் நாட்டில். அந்த ஊர் வழக்கம் ஒட்டிக்கொண்டு பேய்க்கு நடுவில் எச் முளைத்தது. மகிழ்ச்சி என்னும் 'டிலைட்'டோ பிரெஞ்சிலிருந்து வந்தபோது ஜி.எச். இல்லாமலே வந்தது, பக்கத்து வீட்டு 'லைட்'டைப் பார்த்து மாட்டிக்கொண்டது!

பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, "தமிழில் இந்த வம்பெல்லாம் இல்லை, டீச்சர்" என்பார்கள். அப்படியா? கல், தங்கம், மகள் மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே க, மூன்று ஒலி. அதிலும் மகளில் வருகிற க, ஆங்கில மகள் தொலைத்துவிட்ட அந்தத் தொண்டை ஒலிக்குக் கொஞ்சம் சொந்தம்போலவே எனக்குப் படும்.

கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று 2003-இல் வந்தபோது நான் பணிக்குப் புதிது. உயரம், எடை இரண்டுக்கும் கடைசி ஐந்து எழுத்துகள் ஒன்றே. ஆனால் ஒன்று 'ஹைட்', மற்றொன்று 'வெய்ட்'. எழுத்தைக் காட்டிக் கற்றுக்கொடுத்துத் தோற்றேன். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, முதலில் காதால் கேட்கவைத்து, அப்புறம் கரும்பலகையில் எழுதினேன். அம்மாவின் அடுப்படிப் பாடம்தான்.

போன ஆண்டு, என்னிடம் படித்துப் பட்டணத்துப் பள்ளிக்குப் போன ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். சிரிப்பு என்ற சொல்லை 'லாட்டர்' என்று படித்தாளாம். அவள்மீது என்ன குற்றம்? மகள் 'டாட்டர்', அதில் முதலெழுத்தை மட்டும் மாற்றினால் சிரிப்பு, ஆனால் 'லாஃப்டர்'. இரண்டையும் எழுதிக் காட்டி, என் பசுமாட்டுக் கதையையும் சொன்னேன். அழுகை நின்று சிரித்துவிட்டாள். அவளுடைய அம்மாவையும் அழைத்து, இரவில் பத்து நிமிடம் இவள் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். "எனக்கு என்னா தெரியும் டீச்சர்?" என்று தயங்கினார். காது கேட்கிறதல்லவா, அது போதும் என்றேன்.

என் அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். போன மழைக்கு அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் கொடுத்த மருந்துப் புட்டியை எடுத்து, "இருமல் மருந்தும்மா, குடிங்க" என்று நீட்டினேன். வாங்கி, அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுலயும் அந்த ரெண்டெழுத்து இருக்கா?"


"இருக்கும்மா."

"இதுல கேக்குதே" என்றார், காஃப் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு.