பாலம் தாண்டி ஒரு முற்றம்

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள். இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு பரந்தனிலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் வேம்பு பூத்திருந்தது. வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மகள் நந்திக்கடலைப் பார்த்து "தண்ணி, தண்ணி" என்று கைகொட்டினாள். 2009 மே மாதம் எத்தனை தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாலத்தைக் கடந்தார்கள்! எனக்குக் கைகொட்ட வரவில்லை.

நான் பார்க்கப் போன அம்மாவைச் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தெரியும். 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட அந்த முகாமில், கூடார வாசலிலும் கோலம் போட்டவர் அவர். பல்கலைக்கழகத்தில் 'மீண்டெழும் ஆற்றல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த வாசலை அப்போது பார்த்திருந்தால் குறைவாகவே எழுதியிருப்பேன்.

முற்றத்தைச் சாணம் தெளித்துக் கூட்டியிருந்தார். படலையில் மாவிலைத் தோரணம். பால்மாப் பேணிகளில் நித்தியகல்யாணி. படலையடியில் மட்டும் பெரிய செவ்வரத்தை.

"வீடு புதுசு பிள்ளை. மகன் வந்தால் அடையாளம் பிடிக்க வேணுமே. பழைய வீட்டிலும் இந்த இடத்தில்தான் செவ்வரத்தை நின்றது."

மகன் காணாமற்போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் என் மகள் அரிசிமாக் கோலத்தில் ஏறி மிதித்துவிட்டாள். பதறிப்போய்த் தூக்கினேன்.

"விடு பிள்ளை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு இந்த முற்றத்தில் சின்னக் கால்!"

அழிந்த இடத்தை அவர் திரும்பப் போடவில்லை. மாப்படிந்த பாதங்களோடு மகள் பஸ்ஸில் தூங்கிப்போனாள்.