அந்தப் பக்கம் ஆள் இல்லாமல்

திங்கள்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டே கரூர் ஆபீஸ் வேலையைப் பார்க்க ஆடிட்டர் சார் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, டேலி டேட்டாவை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. நியாயம்தான். பார்ட்டிகளின் கணக்கு வழக்கு என்னோடு திருநெல்வேலி பஸ்ஸில் ஏற வேண்டாம். டேட்டா கரூரிலேயே கிடக்கட்டும், நான்தான் தினமும் அங்கே போய் வர வேண்டும்.

விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே என்று ஆபீஸ் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸைத் திறந்தால், ஹோம் எடிஷனில் அந்த வசதி கிடையாது என்கிறது. இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைய ஹோம் போதும். அடுத்தவரை உள்ளே விடத்தான் புரோ வேண்டுமாம். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. முகத்தைச் சுளித்தாலும் சார் காசு கொடுத்துவிட்டார்.

செவ்வாய்

ஹார்டுவேர் பார்க்கும் தம்பி வந்தான். “ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்து விட்டா முடிஞ்சுதுங்ணா” என்றான். ரிமோட் டெஸ்க்டாப் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட் அது, ஊர் உலகத்துக்கே ஒரே எண். எங்கே திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் துழாவுவதற்கென்றே புரோகிராம்கள் ஓடுகின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வர வழிவிட்ட ஓட்டை. 2014-லேயே கைகழுவிவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது என்றால் எந்த அளவுக்குப் பயந்திருப்பார்கள்!

“அப்ப வேற எண்ணுக்கு மாத்திரலாங்ணா.” மொத்தம் 65,535 போர்ட்தான். அத்தனையையும் தட்டிப் பார்க்க ஒரு புரோகிராமுக்கு அலுக்கவா போகிறது?

வாதத்துக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. ரவுட்டரின் வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையை 2012-ல் சிஜிநாட் ஏற்பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடாகிவிட்டதால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட சந்தாதாரர்களை அடைக்கும் வேலை. காம்பவுண்டு வீடு மாதிரி. தெருக்கதவு ஒன்று, உள்ளே பத்துக் குடித்தனம். நாம் வெளியே போகத் தடையில்லை. வெளியிலிருந்து வருகிறவன் தெருவிலேயே நிற்பான், யார் வீட்டுக்கு என்று கேட்க ஆள் கிடையாது. நம் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் அது உள்கதவுதான். மாதாமாதம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். வேண்டாம் என்றேன். இந்தத் தடை எனக்குப் பிடித்தேயிருந்தது.

புதன்

டீம்வியூவர், எனிடெஸ்க் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் வெளியே இருக்கும் சர்வரைக் கூப்பிடும், அது சேர்த்து வைக்கும். அந்தப் பக்கத் திரையில் ஓர் எண் வரும். அதை இங்கே போட்டால் அங்கே ஒருவர் ‘அக்செப்ட்’ அழுத்த வேண்டும். ஆபீஸில் காலையில் முதலில் வருவது செல்வி அக்கா. விஷயத்தைச் சொன்னேன்.

“நம்பர் கேட்டா சொல்லாதீங்கன்னு பேங்க்ல எழுதி ஒட்டியிருக்காங்க. நீங்க சொல்லச் சொல்றீங்களே தம்பி?”

அக்கா சொல்வதில் தப்பில்லை. மோசடிக்காரன் நுழையும் வாசலும் இதேதான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே எச்சரித்தது: ஆப்பைப் போடச் சொல்லி, ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, போனையே கைப்பற்றிவிடுகிறார்கள் என்று. ஆள் இல்லாமலே திறக்க அதில் நிலையான பாஸ்வேர்டு வைக்கலாம்தான். ஆனால் இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஆபீஸுக்குக் கட்டணம் உண்டு. புரோவுக்கு அழுத காசு இன்னும் சார் கண்ணில் நிற்கிறது.

வியாழன்

டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டோம். அடியில் ஓடுவது ஒயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-க்குள்ளேயே சேர்ந்துவிட்டது. லேப்டாப், ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு தனிப்பாதை. ரவுட்டரில் எதையும் தொடவில்லை. இதுவும் 100-ல் தொடங்கும் முகவரியே தருகிறது, அதே 100.64 வரிசையிலிருந்து. பார்த்ததும் ஒரு கணம் குழம்பிவிட்டது.

சின்னச் சின்ன முடிச்சுகள்தான் நேரத்தைத் தின்றன. யாரும் லாகின் செய்யாதபோதும் இணைப்பு நிற்க ‘அன்அட்டெண்டட்’ என்பதை டிக் செய்ய வேண்டும். டெயில்ஸ்கேல் சாவி 180 நாளில் காலாவதியாகும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்தி வைத்தேன். அதைவிடப் பெரிய கூத்து, ரிமோட் டெஸ்க்டாப் நாலு இலக்கப் பின்னை ஏற்காது, முழுப் பாஸ்வேர்டு கேட்கும். வருஷக்கணக்காகப் பின் போட்டே திறந்த கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? மீட்டெடுக்கும் ஓடிபி சார் மொபைலுக்குப் போயிற்று. சார் ஒரு கல்யாணத்தில் பந்தியில் இருந்தார்.

சனி

மென்பொருளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், கரண்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்கியாயிற்று. மாதாந்திர மின்தடை வந்தால்? யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் பட்டனைத் தட்ட ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? பயாஸுக்குள் போய், கரண்ட் திரும்பினால் தானே ஆன் ஆகும்படி மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். விசிறி சுழன்றது, திரையும் வந்தது. இணைப்பு மட்டும் வரவில்லை. பார்த்தால் ஃபைபர் டப்பாவின் அடாப்டர் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. அதை யூபிஎஸ் பக்கம் மாற்றினேன். வேக்-ஆன்-லேன் என்று ஒன்று உண்டு, 102 பைட் பாக்கெட் அனுப்பித் தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்பும். ஆனால் அதை உள்ளேயிருந்து அனுப்ப விழித்திருக்கும் இன்னொரு கருவி வேண்டும். விட்டுவிட்டேன்.

திங்கள், கல்லிடைக்குறிச்சி

போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தது. வால்பேப்பரை எடுத்து, நிற ஆழத்தைக் குறைத்ததும் டேலி தடங்கலில்லாமல் ஓடுகிறது. நான் உள்ளே இருக்கும்போது ஆபீஸ் திரையில் லாக் ஸ்கிரீன்தான் தெரியும். அது தேவைதான், கடைத்தெருவைப் பார்த்த மேசை அது.

19ஆம் தேதி

நாளை ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். மூன்று பிரைவேட் லிமிடெட்டுக்கு டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்து, போட வேண்டும். முதல் கம்பெனியின் டோக்கன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறது, கையெழுத்தைப் போட்டுத் தரும் எம்சைனரோ சான்றிதழே இல்லை என்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் விண்டோஸ் ஸ்மார்ட்கார்டை என் லேப்டாப்பில்தான் தேடும். ஆபீஸில் சொருகியிருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. (டைரக்டரின் டோக்கன் ஆடிட்டர் டிராயரில் இருக்கலாமா என்பது வேறு கேள்வி. கரூரில் அதை யாரும் கேட்டதில்லை.)

அக்காவைக் கூப்பிட்டேன். எனிடெஸ்க் பேச்சை எடுக்குமுன்பே, “நம்பரெல்லாம் சொல்ல மாட்டனுங்க. எங்க அழுத்தோணும்னு சொல்லுங்க, நானே போடறேன்” என்றார். அவர் அங்கே பின் போட்டுத் திறந்ததும் என் இணைப்பு அறுந்தது. போனிலேயே ஒவ்வொரு பட்டனாகச் சொன்னேன். ஏஆர்என் என்ற ஒப்புகை எண்ணைப் படித்துக்காட்டிவிட்டு, மற்ற இரண்டு கம்பெனியின் டோக்கன் எந்த டிராயரில் என்று கேட்டார்.