குட்டையில் இறங்கிய காரும் கோயமுத்தூர் அப்பாவும்

புனேவுக்குப் பொட்டி கட்டி 14 வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல எனக்கு இன்னும் பழகாத ஒண்ணு, மழை. ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் துணி காயாது, செருப்பு காயாது, தங்கமணி கோவமும் காயாது. (படிச்சா உதை நிச்சயம்.)

போன வருஷம் நம்ம வீட்டு வாண்டு, வயசு 12, பொறந்தநாளுக்கு வந்த காசு, தீபாவளிக்குத் தாத்தா குடுத்த காசு எல்லாத்தையும் சேத்து வச்சு ஒரு ரிமோட் கார் வாங்கினான். கடைத்தெருவுல தொங்குற பொம்மை இல்லீங்க. பத்துல ஒரு பங்கு அளவுள்ள வண்டி. ரிசீவர், ஸ்டியரிங் திருப்ப ஒரு சர்வோ, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த ஈ.எஸ்.சி.ன்னு ஒரு பொட்டி, லித்தியம் பாலிமர் பேட்டரி, எல்லாம் தனித்தனியா இருக்கும்.

முதல் மழை பெஞ்ச அன்னிக்கே பார்க்கிங்ல தேங்கின குட்டைக்குள்ள விட்டுட்டான். நாலு அடி போச்சு, ஒரு தடவை விக்கிச்சு, நின்னுடுச்சு. அழுதுட்டே தூக்கிட்டு வந்தான். நான் எஞ்சினியராச்சே! "கவலைப்படாத, அப்பா வாட்டர்ப்ரூஃப் பண்ணித் தர்றேன்"னு வீரவசனம் விட்டேன்.

ரெண்டு நாள் ஃபேன் காத்துல காயவச்சதும் உயிர் வந்துடுச்சு. உடனே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் ட்யூப் வாங்கி வந்தேன். ரிசீவரைத் திறந்து போர்டு மேல பிதுக்கி ரொப்பினேன். ஈ.எஸ்.சி. பொட்டியோட இடுக்கெல்லாம் அடைச்சேன். கேக்குக்கு க்ரீம் தடவின மாதிரி இருந்தது. ரெண்டு வாரம் ஜோரா ஓடுச்சு. எனக்குத் தலைகால் புரியல.

மூணாவது வாரம், மழையே இல்லாத ஒரு சாயங்காலம், வண்டி செத்துப்போச்சு.

"திரும்பத் தண்ணில விட்டியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாதடா."

"இல்லப்பா, ப்ராமிஸ்."

நான் நம்பல. இவ்வளவு அடைச்ச பொட்டிக்குள்ள தண்ணி போயிருக்குன்னா இவன் எங்கயோ முக்கி எடுத்திருக்கான்னு முடிவே பண்ணிட்டேன். காரை விட பொய்தான் பெரிய தப்புன்னு ஒரு லெக்சர் வேற. ஒரு வாரத்துக்கு ரிமோட் பீரோ மேல. அவன் என்கிட்ட பேசறதை நிறுத்திட்டான். கேட்டதுக்கு மட்டும் இந்தியில ஒத்தை வார்த்தை பதில்.

ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து அப்பா போன். எங்க பேச்சு எப்பவும் ரெண்டு நிமிஷந்தான். சாப்டியா, மழையா, பாப்பாவுக்குப் பரீட்சையா, அவ்வளவுதான். அன்னிக்கு, "ஏங்கண்ணு, பேரன் சத்தத்தையே காணமே"ன்னு கேட்டார். கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் கேட்டார்: "அந்த சிலிக்கான் போடறப்ப மூக்குல புளிச்ச வாசம் அடிச்சுதா?"

"ஆமாங்கப்பா. வினிகர் மாதிரி."

"அது பாத்ரூம் ஓட்டுக்குப் போடறது கண்ணு. காயறப்ப ஆசிட்டு விடும். செம்பு மேல போட்டா செம்பைத் தின்னு போடும். தொறந்து பாரு, பச்சை புடிச்சிருக்கும்."

போனை வச்சுட்டு ரிசீவர்ல இருந்த சிலிக்கானைப் பிளேடால உரிச்சேன். அடியில போர்டோட செம்புக் கோடுகள் மேல பச்சைப் பச்சையா பூத்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்ல. தண்ணி கொல்லல, நான்தான் கொன்னிருக்கேன்.

திரும்பப் போன் பண்ணிச் சொன்னேன். "அவனைத் திட்டுனியா?"ன்னு கேட்டார். ம்னேன். "அப்ப மொதல்ல அவங்கிட்டப் போய்ப் பேசு. காரு எங்கயும் போயிறாது."

போர்டைக் கையில எடுத்துட்டு அவன் ரூமுக்குப் போனேன். "நீ பொய் சொல்லலடா. இது என் தப்பு"ன்னு காட்டினேன். ரொம்ப நேரம் போர்டையே பாத்தான். அப்புறம், "அப்போ அந்த ஒன் வீக்?"னு மட்டும் கேட்டான். எங்கிட்ட பதில் இல்ல. ரிமோட்டை எடுத்துக் குடுத்தேன், வேற என்ன பண்றது.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். எங்கப்பா 38 வருஷம் மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருந்தவர். லீவு நாள்ல கடைக்கு வாடான்னு கூப்பிட்டா, வார்னிஷ் வாசம் தலைவலிக்குதுன்னு சாக்குச் சொல்லி ஓடுவேன். கம்ப்யூட்டர் படிக்கப் போறவனுக்கு இது எதுக்குன்னு ஒரு திமிர். அந்தக் கடையில என்ன நடக்குதுன்னு நான் கேட்டதே இல்ல.

இப்ப வீடியோ கால்ல பேரனை உக்கார வச்சு அவர் நடத்தின பாடம் இதுதான்:

"போருக்குள்ள எறக்கற மோட்டாரைத் தண்ணி வராம அடைக்கறோம்னா நெனைச்சே? நாம செய்யற மோட்டார்ல நாமளே நல்ல தண்ணி ரொப்பித்தான் எறக்கறோம். உள்ளாற பேரிங்குக்கு அந்தத் தண்ணிதான் எண்ணெய். சுத்தற கம்பி ஒவ்வொண்ணுக்கும் மேல பிளாஸ்டிக் தோல் இருக்குது. தண்ணி வரட்டும், கரண்டைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் சாமி."

வாண்டு கப்புனு புடிச்சுக்கிட்டான். எனக்குத்தான் நாப்பது வயசுக்கு மேல உறைச்சது. நான் பொட்டியை அடைக்கப் பாத்தேன். அடைக்க வேண்டியது பொட்டியை இல்ல, செம்பை.

யோசிச்சுப் பாத்தா விஷயம் சிம்பிள். சுத்தமான தண்ணியில கரண்ட் சுலபமா ஓடாது. குட்டைத் தண்ணியில உப்பும் மண்ணும் கரைஞ்சிருக்கு, அதுல ஓடும். பேட்டரி மாட்டியிருக்கும்போது நனைஞ்சா ரெண்டு கம்பிக்கு நடுவுல கரண்ட் பாஞ்சு செம்பை அரிச்சுடும். பேட்டரி இல்லாம நனைஞ்ச போர்டு கழுவிக் காயவச்சா பெரும்பாலும் பொழைச்சுக்கும்.

அப்புறம் மூணு பேரும் சேந்து செஞ்சது: புது ரிசீவர் வாங்கினோம். ஈ.எஸ்.சி. போர்டுல ஒட்டியிருந்த சிலிக்கானைச் சுரண்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுப் பல்தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சோம். ரெண்டு போர்டுக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற கன்ஃபார்மல் கோட்டிங், மெல்லிசா ரெண்டு பூச்சு. வயர் சொருகற பின்கள்ல மட்டும் படாம முன்னாடியே டேப் ஒட்டிட்டோம், பூச்சு ஏறினா கரண்ட் போகாது. ஈ.எஸ்.சி.யில கை நிறைய அப்பக்கூடாது, சூடு வெளிய போகணும். சர்வோவோட மூடி இடுக்குல கிரீஸ், வெளிய வர்ற அச்சுல ஒரு ரப்பர் வளையம். உள்ள இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர் மேல பூச்சு படக்கூடாது, பட்டா ஸ்டியரிங் நடுங்கும். ஆன்டெனாவோட கடைசி 31 மில்லிமீட்டர்தான் சிக்னல் வாங்கற இடம், அதை மேல தூக்கி நிறுத்தணும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணி முழுங்கிடும்.

ரிசீவர் பொட்டிக்கு அடியில ஒரு ஓட்டை போடச் சொன்னார் அப்பா. "ஓட்டையா?"ன்னு நானும் வாண்டும் ஒண்ணா கத்தினோம். "எப்படியும் வரும். வந்தது போக வழி வேணாமா?"ன்னார்.

லித்தியம் பேட்டரி வேணாம்னு 4 பென்சில் செல் போட்டு, ரிசீவரையும் சர்வோவையும் ஒரு மக் தண்ணியில முக்கி, ஆன்டெனாவை வெளிய விட்டு ரிமோட்டைத் திருப்பினான் வாண்டு. தண்ணிக்குள்ள சர்வோ இடமும் வலமும் ஆடுச்சு. கோயமுத்தூர்ல இருந்து கைதட்டல் சத்தம்.

ஆகஸ்ட் மாசம் வேதாள் டேக்டி பக்கம் கூட்டிட்டுப் போனேன். மலைப்பாதை முழுக்கச் செம்மண் குட்டை. பத்துப் பதினஞ்சு தடவை இறங்கி ஏறினது. வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லாமலே பேட்டரியைக் கழட்டினான், நல்ல தண்ணியில சேறைக் கழுவினான், ஃபேனுக்கு அடியில வச்சான், பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். பேரிங் துரு புடிக்கறதை எந்தப் பூச்சும் தடுக்காது, அது ஒவ்வொரு தடவையும் செஞ்சே ஆகணும்.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை போன் எனக்கு வர்றதில்ல. நேரா வாண்டுக்குத்தான். அரை மணி நேரம் பேசறாங்க. பாதித் தமிழ், பாதி இந்தி, நடுவுல "தாத்தா, வைண்டிங்னா எப்படி சுத்துவீங்க?" வர்ற லீவுக்கு ஊருக்குப் போறப்ப, மூடிக் கிடக்கிற கடையைத் திறந்து காட்டறதா ஒப்பந்தம். நானும் வரலாமான்னு கேட்டேன்.

"வார்னிஷ் வாசம் தலை வலிக்குமே கண்ணு"ன்னார் அப்பா. மறக்கவே இல்ல மனுஷன்.

டிஸ்கி: லித்தியம் பேட்டரி உப்பினாலோ, தண்ணிக்குள்ள கிடந்தாலோ, காயவச்சு சார்ஜ் போட்டுப் பாக்காதீங்க. தீப்பிடிக்கும். சிலிக்கான் வாங்கினா 'நியூட்ரல்'னு போட்டிருக்கான்னு பாருங்க. புளிச்ச வாசம் வந்தா பாத்ரூமுக்கு. அதுக்கும் முன்னாடி, புள்ளை ப்ராமிஸ்னு சொன்னா ஒரு தடவை திறந்து பாருங்க.